ஆடி முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். செங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 68 வயது அப்பா. ஆடி 4-ஆம் தேதி காலை நல்லமிளகு நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து இழுத்த நூல் வலது கையை விட்டு நழுவியது. எடுக்கப் போனார், விரல் சொன்னபடி கேட்கவில்லை. மகனைக் கூப்பிட வாய் திறந்தார், பெயர் வரவில்லை, குழறலாக ஏதோ வந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட, சாயங்காலம் வழக்கம்போலக் கடையைத் திறந்துவிட்டார். பிறகு திருவனந்தபுரத்தில் எடுத்த ஸ்கேனில் கழுத்தின் இடது தமனியில் 75 சதவீத அடைப்பு, வலதில் 50. அங்குள்ள மருத்துவர் இந்த வாரமே அறுவை என்கிறார். அத்தை, ஆடி மாதத்தில் கழுத்தில் கத்தி வைப்பதா, ஆவணி பிறக்கட்டும் என்கிறார். மைத்துனர், கீறாமல் ஸ்டென்ட் (தமனியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்துவிடலாமே என்கிறார். இன்று ஆடி 10. என்ன செய்வது?

தம்பி, நான் மருத்துவர் அல்ல. புளியரைக்காரி. மலை தாண்டிப் போய்த் திருவனந்தபுரத்தில் அறுவை அரங்கில் செவிலியாக 26 ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்றவள். அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் இரத்தக்குழாய் அறுவைகள். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பேச்சு எங்கே வழி தவறுகிறது என்று சொல்ல முடியும். எல்லோரும் 75 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் படுவது ஆடி 4 என்ற தேதி.

அந்தப் பத்து நிமிடத்துக்கு மருத்துவர்கள் டி.ஐ.ஏ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்துவிட்டுப் போன பக்கவாதம். நம் ஊரில் பித்தக் கிறுகிறுப்பு, வெறும் வயிற்றில் நின்றது, கை மரத்துப்போனது என்று ஏதாவது சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். கழுத்தின் இரு புறமும் மூளைக்கு ஏறும் பெரிய தமனிக்குக் கரோட்டிட் என்று பெயர். குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் அது கவட்டைபோல இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும், மற்றது முகத்துக்கும் தலைத்தோலுக்கும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிவது பெரும்பாலும் அந்தக் கவட்டையில்தான். இடது தமனி ஊட்டுவது இடது மூளையை. வலது கையை ஆட்டுவதும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைத் தருவதும் அந்தப் பக்கம். கை வலது, பேச்சும் போயிற்று, அடைப்பு அதிகம் இருப்பது இடது. கணக்கு பொருந்துகிறது.

அடைப்பு என்றதும் குழாய் ஒடுங்கி மூளைக்கு இரத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் நடக்கும், ஆனால் அது குறைவு. வாய்க்காலில் தண்ணீர் வற்றி வயல் காய்வது ஒரு விதம். மேலே கரை பெயர்ந்து, அந்தக் கட்டி மிதந்து வந்து கடைமடையில் சிக்குவது இன்னொரு விதம். கழுத்துத் தமனியில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. படிவின் மேல்தோல் வெடிக்கிறது, வெடிப்பில் இரத்தம் உறைகிறது, உறைந்ததில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. ஆடி 4 அன்று போன துணுக்கு சின்னது, தானாகக் கரைந்துவிட்டது. அதை அனுப்பிய வெடிப்பு இன்னும் பச்சைப் புண்ணாக அங்கேயே இருக்கிறது. அது ஆறும்வரை, அதாவது அடுத்த சில நாள்களும் வாரங்களும்தான், இரண்டாவது துணுக்கு போக வாய்ப்பு மிக அதிகமான காலம்.

இதனால்தான் மருத்துவர் அவசரப்படுகிறார். 1991-இல் வட அமெரிக்காவில் நாசெட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. இப்படி அறிகுறி காட்டிய, 70 சதவீதமும் அதற்கு மேலும் ஒடுங்கிய தமனி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்து மட்டும், மறு பகுதிக்கு மருந்தோடு அறுவையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 26 பேருக்கு; அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு. அறுவையாலேயே வந்த பக்கவாதமும் அந்த 9-இல் அடக்கம். இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்ததால், இந்தக் கடும் ஒடுக்கப் பிரிவில் ஆய்வை முன்னதாகவே நிறுத்தி முடிவை அறிவித்தார்கள்.

உங்கள் அத்தைக்குச் சொல்லவேண்டிய கணக்கு வேறு. இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-இல் வந்த ஒரு கட்டுரை, நாள் கடக்கக் கடக்கப் பலன் எப்படித் தேய்கிறது என்று காட்டியது. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்யும்போது ஒருவரை ஐந்தாண்டில் வரக்கூடிய பக்கவாதத்திலிருந்து காப்பாற்றலாம். பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்தால், அதே ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குச் செய்யவேண்டும். அதே கத்தி, அதே மருத்துவர், அதே கழுத்து. காத்திருந்த நாள்களில் பக்கவாதம் வரவேண்டியவர்களுக்கு வந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு நாளுக்குள் செய்வதில் ஆபத்து சற்றுக் கூடுதல் என்று சொல்வார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆடி 4-இலிருந்து பதினான்கு நாள் எண்ணிப் பாருங்கள். ஆடி 18-இல் வந்து நிற்கும். காவிரிக்கரைபோல நம் பக்கம் பெருக்கு ஆரவாரம் இல்லாவிட்டாலும், ஆடியிலேயே நல்ல நாள் என்று அத்தை ஒப்புக்கொள்கிற நாள் அது. அதற்கும் அவர் மசியவில்லையென்றால் இன்னொன்று சொல்லிப் பாருங்கள். ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். அங்கேயும் அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆனால் உடம்புக்கு வைத்தியம் பார்க்க அதைவிட உகந்த மாதம் இல்லை என்று மருந்துக் கஞ்சி குடித்து, எண்ணெய் போட்டு உழிச்சில் செய்துகொள்வார்கள். அறுவை நடக்கப்போவது மலைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துச் சாத்திரமே செல்லட்டும். (உழிச்சில் என்றதும் ஞாபகம் வருகிறது: அப்பாவின் கழுத்தை யாரும் பிடித்துவிடவும் வேண்டாம், முடிதிருத்தும் கடையில் சொடக்கு எடுக்கவும் வேண்டாம்.)

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு சூடு ஏன் என்றால், என் பெரிய அண்ணன். ஒரு நாள் இடது கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்கியதுபோல இருட்டு, ஐந்து நிமிடத்தில் விலகிவிட்டது. எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் அரங்கிலிருந்து வெளியே வந்த களைப்பில், கண்ணைக் காட்டுங்கள் அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன். காட்டிய இடத்தில் புரை ஆரம்பம் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கழுத்தை யாரும் தொடவில்லை. கண்ணுக்குப் போகும் கிளையும் அதே தமனியில்தான் பிறக்கிறது என்று தினமும் பார்க்கிற எனக்கே தோன்றவில்லை. இருபத்து மூன்றாம் நாள் அவருக்கு வலது பக்கம் விழுந்தது. இப்போது இடது கையால் கையெழுத்துப் போடுகிறார்.

இனி அந்த 75. அது நூல் பிடித்து அளந்த எண் அல்ல. டாப்ளர் ஸ்கேன் பார்ப்பது ஒடுங்கிய இடத்தில் இரத்தம் பாயும் வேகத்தை. குழாய் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதல்லவா, அதே சங்கதி. விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று வகைப்படுத்துவது வழக்கம். சதவீதம் கணக்கிடுவதிலும் வட அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை என்று இரண்டு உண்டு. ஒரே கழுத்து முதலாவதில் 50 என்றும் இரண்டாவதில் 75 என்றும் வரக்கூடும். ஆகவே எந்த முறையில் 75 என்று கேளுங்கள். இரத்தக்குழாய்களைப் படமாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்தார்களா என்றும் கேளுங்கள். அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் தெரியும். நம் நாட்டினருக்கு மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளிலேயே ஒடுக்கம் இருப்பது வெள்ளையர்களைவிட அதிகம்; கழுத்து அறுவை அங்கே எட்டாது. கூடவே ஒரு ஈ.சி.ஜி. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் துணுக்கு அங்கிருந்தும் வந்திருக்கலாம், வைத்தியமே மாறிவிடும். தமனி முழுக்க அடைத்துப்போயிருந்தால் இந்த அறுவை கிடையாது.

கழுத்தில் கத்தி என்பதற்கு வருகிறேன். பெயர் கரோட்டிட் என்டார்டெரெக்டமி. தமனியை அறுத்து எறிவதில்லை, திறந்து சுத்தம் செய்து மூடுகிறார்கள். 1954-இல் லண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஓர் அம்மாளுக்குச் செய்து வெளியிட்டதுதான் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. நம் செங்கோட்டை அப்போது இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மூளை தாங்கவேண்டுமே என்று அந்த அம்மாளின் உடம்பைப் பனிக்கட்டி வைத்துக் குளிரவைத்து, ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி 53 வயது பஸ் ஓட்டுநர் ஒருவருக்குப் படிவை உரித்தெடுத்திருந்தார். அந்த ஓட்டுநர் அதன்பின் 19 ஆண்டுகள் பக்கவாதம் இல்லாமல் வாழ்ந்தார்.

இன்று பனிக்கட்டி இல்லை. காதுக்குக் கீழே, கழுத்தில் புடைத்துத் தெரியும் சதையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கீறல். தமனியைக் கண்டுபிடித்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மேலும் கீழும் கிளாம்ப் என்ற இடுக்கி போட்டு இரத்தத்தை நிறுத்தி நீளவாக்கில் திறப்பார்கள். பிறகு நடப்பதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. மரச்சீனிக் கிழங்கை நீளத்தில் கீறி, தோலுக்கடியில் கட்டைவிரலை நுழைத்துத் தள்ளினால் பட்டை முழுசாகக் கழன்று வருமே, அதேபோலப் படிவு சுவரிலிருந்து பிரிந்து வரும். சரியான அடுக்கு பிடிபட்டுவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். டிரேயில் வாங்கிப் பார்த்தால் கவட்டைக் கம்பின் வார்ப்பு மாதிரி, பழைய மெழுகின் மஞ்சளில், நுனி மெலிந்து இருக்கும். இடுக்கியால் தட்டினால் சில சமயம் கல்போலச் சத்தம் வரும். வெடித்த இடத்தில் கறுப்பாக ஓர் உறைவு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை நாள் பொறுத்திருக்குமோ என்று நினைப்பேன். பின்பு ஒரு துண்டு ஒட்டு வைத்துத் தைத்துக் குழாயைச் சற்று அகலமாக்கி மூடுவார்கள்.

கிளாம்ப் போட்ட நேரத்தில் மூளை என்ன செய்யும்? மறுபக்கத் தமனியும் பிடரி வழி ஏறும் தமனிகளும் பெரும்பாலானவர்களுக்கு ஈடுகொடுக்கும். கொடுக்காதவர்களுக்கு ஷன்ட் என்ற சிறு குழாயை உள்ளே வைத்து இரத்தத்தைச் சுற்றிவிடுவார்கள். யாருக்குத் தேவை என்று அறிய மயக்கமருந்து மருத்துவர்களிடம் பல கருவிகள் உண்டு. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து விழித்த நிலையில் செய்யும்போது, எங்களிடம் ஒரு ரப்பர் வாத்து உண்டு. குழந்தைகள் அமுக்கிக் கீச்சிட வைக்கும் அதே பொம்மை. இடது கழுத்து என்றால் வலது கையில் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் அமுக்கச் சொல்வோம். அது கீச்சிடும்வரை எல்லோரும் நிம்மதியாக வேலை செய்வார்கள். ஒருமுறை கொல்லம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நடுவில் அமுக்குவதை நிறுத்திவிட்டார். மருத்துவரின் கை அந்தரத்தில் நின்றது, நான் ஷன்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ‘மடுத்து’ என்று குரல் வந்தது. அலுத்துவிட்டதாம். விழித்திருப்பது மேலா, முழு மயக்கம் மேலா என்று 3,500 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வந்தது; முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மருத்துவருக்குப் பழக்கமானது எதுவோ அதுவே நல்லது.

ஆபத்தை மறைக்கமாட்டேன். பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யும் அறுவையே பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். அறிகுறி வந்தவர்களுக்குச் செய்யும்போது பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 100-க்கு 6-க்குள் இருந்தால்தான் அறுவைக்கு அர்த்தம் உண்டு என்பது உலகம் ஒப்புக்கொண்ட எல்லை. அது பாடப்புத்தக எண். நீங்கள் கேட்கவேண்டியது உங்கள் மருத்துவரின் சொந்த எண். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது என்று நேராகக் கேளுங்கள். நல்ல கைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அடுத்து, கழுத்து நெருக்கடியான இடம். நாக்கு, குரல், உதட்டோரம் இவற்றுக்குப் போகும் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. அறுவைக்குப் பின் நாக்கு ஒரு பக்கம் சாய்வதும் குரல் கம்முவதும் சிலருக்கு உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகும். முதல் இரவு தையலுக்கடியில் இரத்தம் கட்டிக் கழுத்து வீங்கினால் மூச்சை அழுத்திவிடும். கழுத்து இறுகுகிறது என்று அவர் சொன்னால் உடனே செவிலியைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்கவேண்டாம்.

மைத்துனரின் ஸ்டென்ட் யோசனை பிழையான யோசனை அல்ல. தொடை வழியாகக் கம்பி போகும், கழுத்தில் தழும்பு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு, 2,500 பேர் கலந்துகொண்ட கிரெஸ்ட் ஆய்வு 2010-இல் வந்தது: செய்த நாள்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் கூடுதல், மாரடைப்பு அறுவையில் கூடுதல். வயது எழுபதை நெருங்க நெருங்க அறுவையின் பக்கம் தட்டு இறங்குகிறது. அறிகுறி வந்த சூட்டோடு, பச்சைப் புண்ணாக இருக்கும் படிவுக்குள் கம்பியை நுழைப்பதில் துணுக்கு கிளம்பும் ஆபத்தும் உண்டு. வாய்ப் புற்றுக்காகக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர், ஏற்கெனவே அதே இடத்தில் அறுவை செய்தவர், இதயம் தாங்காதவர் என்றால் ஸ்டென்ட்டைத்தான் நானும் சொல்வேன். உங்கள் அப்பா நீங்கள் எழுதியபடி இருந்தால் இவற்றில் எதிலும் வரமாட்டார்.

வலது பக்கத்து 50-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது எந்தத் தொந்தரவும் தரவில்லை. அறிகுறி காட்டாத தமனி முற்றிலும் வேறு கதை. 60 சதவீதத்துக்கு மேல் ஒடுங்கியவர்களிடம் செய்த பழைய ஆய்வுகளிலேயே ஐந்தாண்டில் 100-க்கு 11 பேருக்கு வரவேண்டிய பக்கவாதம் 5 பேருக்கு வந்தது என்ற அளவில்தான் பலன் இருந்தது. அப்போது இன்றைய மருந்துகளும் இல்லை. 2025 இறுதியில் வெளிவந்த கிரெஸ்ட்-2 ஆய்வு, அறிகுறி இல்லாமல் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களிடம், நல்ல மருந்தோடு அறுவையையும் சேர்த்ததில் நான்காண்டு முடிவில் தெளிவான ஆதாயம் காட்டவில்லை. ஸ்டென்ட் சேர்த்தவர்களுக்கு ஓரளவு காட்டியது. முழு உடல் பரிசோதனைச் சலுகையில் கழுத்தை ஸ்கேன் செய்து, 50, 60 என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துக் குடும்பத்தையே தூங்கவிடாமல் செய்வதை எல்லைக்கு இரு புறமும் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்வது மாத்திரையும் பொறுமையும்.

மாத்திரை என்றால் அப்பாவுக்கும்தான். ஆஸ்பிரின், கொழுப்புக்கான ஸ்டேட்டின், இரத்த அழுத்த மாத்திரை எதையும் அறுவை வருகிறதே, இரத்தம் கொட்டுமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டே செய்யும் அறுவை இது. அதோடு, ஆஸ்பிரின் போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல்லும் எழுதியிருந்தால் அதை என்ன செய்வது என்று அறுவை செய்பவரே சொல்லட்டும். பீடி இருந்தால் இன்றோடு போகட்டும்.

ஆக, நாளைக் காலையே கிளம்புங்கள். சி.டி. எடுத்திருந்தால் அறிக்கைத் தாள் போதாது, படம் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். மாத்திரை அட்டைகளைப் பெயர் தெரிய அப்படியே எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை கேரளத்து மருத்துவமனையில் செல்லுமா என்று படுக்கை போடும் முன்பே அவர்களின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்; செல்லாது என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகலாம், ஆனால் அதற்காக ஒரு நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். வழியிலோ வீட்டிலோ மறுபடி கை விழுந்தால், வாய் கோணினால், அது தானாகச் சரியாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மலைக்கு இரு புறமும் எண் அதேதான். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அறுவை முடிந்து இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள். அன்றே குளத்துப்புழை, தென்மலை வளைவுகளில் மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டு வராமல், ஒரு வாரம் அங்கேயே அறை எடுத்துத் தங்குவது என் யோசனை. பல காலம் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று முழு ஓட்டம் கிடைக்கும்போது, அரிதாக அது தாங்காமல் போவதுண்டு. அறுவை செய்த பக்கம் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வரும். இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் இன்னும் மோசம். கையில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வைத்துக் காலையும் மாலையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் திரும்பி வரவேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவரிடம் கேட்டு, அதே தாளில் மேலே குறித்துக்கொள்ளுங்கள்.